சர்வர் தொகுதியின் செயல்திறன் கணக்கு: ரயில் முன்பதிவு தரும் பாடங்கள்

பொதுமக்களுக்கான சேவைகள் பலவும் இன்று கணிப்பொறிகளின் வழியாகவே நடைபெறுகின்றன. ரயிலில் இடம் பதிவு செய்தல், வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புதல், அரசுக்கு விண்ணப்பம் அளித்தல் ஆகிய பணிகள் தனியொரு கணிப்பொறியால் தாங்க இயலாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஆகவே பல சர்வர்களை ஒன்றாக இணைத்து, பயன்படுத்துவோருக்கு அவை ஒரே கணிப்பொறி போலத் தோன்றுமாறு இயக்கும் முறை கையாளப்படுகிறது. இவ்வாறு இணைக்கப்பட்ட அமைப்பே சர்வர் தொகுதி எனப்படும்.

தொகுதி நன்கு இயங்குகிறதா என்பதை அறியப் புள்ளிவிவரங்கள் தேவை. புதிய சர்வர்கள் வாங்குவதா, ஒப்பந்ததாரருக்கு அபராதம் விதிப்பதா, ஒரு நடைமுறையை மாற்றுவதா என்ற முடிவுகள் யாவும் இப்புள்ளிவிவரங்களின் மீதே எடுக்கப்படுகின்றன. கணக்கு தவறானால் பொதுப்பணம் வீணாகும். மக்களின் குறையும் தீராது. எனவே இக்கணக்கை எவ்வாறு எடுப்பது, எவ்வாறு படிப்பது என்பது பொறியியலார் மட்டுமன்றி நிர்வாகிகளும் அறிந்திருக்க வேண்டியதாகும். இதற்கு இந்திய ரயில்வேயின் பயணிகள் முன்பதிவு அமைப்பு தக்க எடுத்துக்காட்டாக அமைகிறது.

பேரேட்டிலிருந்து தொகுதி வரை

முற்காலத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் தனித்தனிப் பேரேடு இருந்தது. அந்தப் பேரேடு வைக்கப்பட்டிருந்த கவுண்டரில்தான் அந்த ரயிலுக்கு இடம் பதிவு செய்ய இயலும். 1985ஆம் ஆண்டில் புதுடில்லியில் கணிப்பொறிவழி முன்பதிவு தொடங்கியபோது இந்நிலை மாறியது. எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் இடம் பதிவு செய்யலாம் என்றாயிற்று. 1986இல் ரயில்வே தகவல் அமைப்புகள் மையம் நிறுவப்பட்டது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களின் கணிப்பொறிகளும் 1999ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரே வலையமைப்பாக இணைக்கப்பட்டன. 2002இல் இணையவழி முன்பதிவு தொடங்கியது.

இவ்வமைப்பின் தொடக்ககாலக் கணிப்பொறிகள் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வாக்ஸ் வகையைச் சேர்ந்தவை. அந்நிறுவனமே 1983இல் வாக்ஸ் கணிப்பொறிகளைத் தொகுதியாக இணைக்கும் முறையை அறிவித்தது. தொகுதியில் உள்ள கணிப்பொறிகள் வட்டுகளைப் பொதுவாகப் பயன்படுத்தும். ஒரு கணிப்பொறி ஒரு பதிவைத் திருத்தும்போது மற்றவை அதனைத் தொடாதிருக்கும் பொருட்டு அப்பதிவின் மீது ஒரு 'பூட்டு' இடப்படும். ஒரே படுக்கை இடம் இருவருக்கு விற்கப்படாமல் காப்பது இத்தகைய பூட்டேயாகும். 2010இல் செயற்படுத்தப்பட்ட முன்பதிவு அமைப்பும் அதே மரபில் வந்த ஓப்பன்விஎம்எஸ் இயங்கு அமைப்பிலேயே, ஐட்டேனியம் சர்வர்களின் மீது, நிறுவப்பட்டது.

நாளும் நிமிடமும்

2025ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுகள் இணையவழியில் பதிவாயின என ரயில்வே அமைச்சகம் தெரிவித்தது. நொடிக்கு ஏறத்தாழ 530 சீட்டுகள் என்பது இதன் பொருள். இதனை ஒரு கணக்கோடு ஒப்பிட்டுக் காணலாம். நாளொன்றுக்கு 14,40,000 சீட்டுகள் பதிவாவதாகக் கணக்கின் பொருட்டு வைத்துக்கொண்டால், ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்கும் பகிர்ந்து காணும் சராசரி நிமிடத்துக்கு 1,000 சீட்டுகளே. உச்ச நிமிடத்தின் சுமையோ இதனைப் போல் 30 மடங்குக்கும் மேற்பட்டது.

குளிர்சாதன வகுப்புகளுக்கான தட்கல் பதிவு காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கான தட்கல் பதிவு 11 மணிக்கும் திறக்கப்படும் ஏற்பாட்டில் சுமை முழுவதும் சில நிமிடங்களில் குவிகிறது. நாள்முழுவதற்குமான சராசரியைப் பார்ப்பவருக்குச் சர்வர்கள் சும்மா இருப்பதாகவே தோன்றும். மாவட்டச் சராசரி மழையளவு நிறைவாக இருக்கையில் ஒரு வட்டாரம் வறட்சியில் வாடுவது போன்றதே இதுவும். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கும் அளவுகூட 10 மணிக்குப் பின்வந்த முதல் இருபது நொடிகளின் நெருக்கடியை மறைத்துவிடும். எனவே சுமை குவியும் நேரங்களில் நொடிக்கணக்கிலும், பிற நேரங்களில் நிமிடக்கணக்கிலும் அளவுகள் எடுக்கப்படுதல் வேண்டும். பழைய அளவுகளைச் சுருக்கி மணிக்கணக்காகச் சேமிக்கும்போது சராசரியுடன் உச்ச அளவையும் சேர்த்தே வைத்தல் இன்றியமையாதது.

எவற்றை அளப்பது?

தொகுதியில் அளக்கத்தக்கவை நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் அடிப்படையானவை நான்கு. முதலாவது, வேலையளவு: ஒரு நொடியில் வந்த கோரிக்கைகள் எத்தனை? இரண்டாவது, மறுமொழி நேரம்: கோரிக்கை வந்தது முதல் விடை சென்றது வரை ஆன காலம் எவ்வளவு? மூன்றாவது, பிழை: நிறைவேறாத கோரிக்கைகள் எத்தனை, எக்காரணத்தால்? நான்காவது, நெருக்கம்: செயலி, நினைவகம், வட்டு, பூட்டு ஆகியவற்றுக்காகக் காத்து நிற்கும் கோரிக்கைகள் எத்தனை?

இவ்வளவுகள் இருவகையில் பதிவாகின்றன. ஒன்று, மின்மீட்டரைப் போல ஏறிக்கொண்டே செல்லும் மொத்த எண்ணிக்கை. மற்றொன்று, அணையின் நீர்மட்டத்தைப் போல அந்தந்த நேரத்து நிலையளவு. மொத்த எண்ணிக்கையில் இரு வாசிப்புகளுக்கு இடைப்பட்ட வேறுபாடே பயன்தரும். ஒரு சர்வர் நின்று மீண்டும் தொடங்கும்போது அதன் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும் என்பதை மறக்கலாகாது. எல்லாச் சர்வர்களின் எண்ணிக்கைகளையும் முதலில் கூட்டி, பின்னர் வேறுபாடு காண முயன்றால், ஒரு சர்வர் மறுதொடக்கம் பெற்ற நிமிடத்தில் தொகுதியின் வேலை எதிர்மறையாகிவிட்டது போன்ற பொருளற்ற விடை கிட்டும். ஒவ்வொரு சர்வருக்கும் வேறுபாட்டைத் தனியே கண்டு, அதன் பின்னரே கூட்டுதல் முறையாகும்.

தொகுதிக்கே உரிய மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு சர்வர் பழுதானால் அதன் பணியை வேறொரு சர்வர் ஏற்கும். பதிவேட்டில் சர்வரின் பெயர் மட்டும் இருந்தால், பணி இடம் மாறிய கணத்தில் அப்பணியின் வரலாறு அறுந்துவிடும். ஆகவே ஒவ்வோர் அளவும் பணியின் பெயரையும் அப்போது அதனை இயக்கிய சர்வரின் பெயரையும் ஒருங்கே தாங்கியிருக்க வேண்டும். எல்லாச் சர்வர்களின் கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுதலும் தேவை. இல்லையேல் எது முன், எது பின் என்பது விளங்காது. பதிவேட்டைத் தொகுதிக்கு வெளியே வைப்பதும் அவசியம். தொகுதியின் வட்டிலேயே அது இருந்தால், வட்டு பழுதாகும் நாளில் பழுதுக்கான சான்றும் சேர்ந்து மறையும்.

சராசரி சொல்லாதது

நான்கு சர்வர்கள் கொண்ட தொகுதி ஒன்று ஒரு நிமிடத்தில் 10,000 கோரிக்கைகளுக்கு விடையளிப்பதாகக் கொள்வோமாயின், அவற்றுள் 9,800 கோரிக்கைகள் 0.2 நொடியிலும், பழுதுற்ற ஒரு சர்வரிடம் சிக்கிய 200 கோரிக்கைகள் 20 நொடியிலும் முடிவதாக வைத்துக்கொள்ளலாம். சராசரி மறுமொழி நேரம் ஏறத்தாழ 0.6 நொடி என வரும். அறிக்கையில் இது குறையாகத் தோன்றாது. ஆயினும் 0.6 நொடி காத்திருந்தவர் ஒருவருமில்லை. பெரும்பாலோர் அதனினும் விரைவாக விடை பெற்றனர். 200 பேரோ 20 நொடி காத்திருந்தனர். தட்கல் நேரத்தில் 20 நொடி என்பது இடம் கிடைப்பதற்கும் கிடைக்காமற் போவதற்கும் உள்ள வேறுபாடாகும்.

இக்குறையைப் போக்க நூற்றுமானங்கள் பயன்படுகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 95ஆம் நூற்றுமானம் 0.2 நொடி, 99ஆம் நூற்றுமானம் 20 நொடி. பின்னதே நோயைக் காட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு சர்வரின் நூற்றுமானத்தையும் தனியே கண்டு, அவற்றின் சராசரியைத் தொகுதியின் நூற்றுமானமாகக் கொள்வது பிழையாகும். மாவட்டந்தோறும் மக்களின் வயது இடைநிலையைக் கண்டு, அவ்வெண்களின் சராசரியை நாட்டின் இடைநிலை எனக் கூற இயலாதல்லவா? வயதுப் பிரிவுகளின்படி மக்கள்தொகையைக் கூட்டிய பின்னரே நாட்டின் இடைநிலையைக் காண்கின்றனர். அவ்வாறே 0.1 நொடிக்குள் முடிந்தவை, 0.1 முதல் 0.5 நொடிக்குள் முடிந்தவை எனப் பிரிவு வாரியாக எண்ணி, சர்வர்களின் எண்ணிக்கைகளைக் கூட்டி, அதிலிருந்து தொகுதியின் நூற்றுமானத்தைக் கணக்கிடுதல் வேண்டும்.

மறுமொழி நேரத்தை மட்டும் நோக்குவதிலும் இடருண்டு. உட்புறம் பழுதான சர்வர் கோரிக்கையை ஆராயாமலேயே 'இயலாது' என்று நொடிப்பொழுதில் திருப்பியனுப்பலாம். அதன் மறுமொழி நேரம் மற்றவற்றைவிடக் குறைவாக இருக்கும். வேலை குறைந்த சர்வருக்கு அடுத்த கோரிக்கையை அனுப்பும் பகிர்வு முறையில், இந்தப் பழுதான சர்வரே மேன்மேலும் கோரிக்கைகளைப் பெறும். ஆகவே நிறைவேறியவற்றின் நேரத்தையும் தவறியவற்றின் நேரத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

தவறியவற்றிலும் காரணங்கள் வேறுபடும். 2016இல் தொடங்கப்பட்ட யுபிஐ பணப்பரிமாற்ற முறையில், வங்கியின் கணிப்பொறியோ வலையமைப்போ இயங்காமையால் நேர்வது தொழில்நுட்ப மறுப்பு என்றும், தவறான ரகசிய எண், போதிய இருப்பின்மை போன்றவற்றால் நேர்வது வணிக மறுப்பு என்றும் பிரிக்கப்பட்டு, வங்கிவாரியாக விகிதங்கள் வெளியிடப்படுகின்றன. முன்னதற்கு அமைப்பு பொறுப்பு. பின்னதற்கு அமைப்பைக் குறைகூற இயலாது. இரண்டையும் ஒன்றாக்கினால் பொறுப்பு எவருடையது என்பது மறைந்துபோகும்.

காத்திருப்பின் கணக்கு

வரிசையில் காத்திருப்பதைக் கணித முறையில் முதலில் ஆராய்ந்தவர்களுள் டென்மார்க் நாட்டின் ஏ.கே.எர்லாங் குறிப்பிடத்தக்கவர். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தின் அழைப்புகளைக் கொண்டு 1909இல் அவர் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடிப்படையாயிற்று. கோரிக்கைகள் ஒழுங்கின்றி வந்துசேரும் எளிய வரிசையொன்றில், ஒரு கோரிக்கையை முடிக்க 0.1 நொடி ஆவதாகக் கொண்டால், சர்வர் 50 விழுக்காடு வேலையில் இருக்கும்போது காத்திருப்பு உட்பட சராசரியாக 0.2 நொடி ஆகும். 80 விழுக்காட்டில் 0.5 நொடியும், 90 விழுக்காட்டில் 1 நொடியும் ஆகும். இறுதிப் பத்து விழுக்காட்டில் காலதாமதம் இரட்டிப்பாவதைக் காணலாம். ஆகவே 90 விழுக்காடு வேலையில் உள்ள சர்வரில் இன்னும் பத்து விழுக்காடு இடமிருக்கிறது என்று கருதுவது சரியன்று.

தொகுதியில் இதற்கு மேலும் ஒரு கணக்குண்டு. ஒரு சர்வர் நின்றால் மற்றவை அதன் சுமையை ஏற்க வேண்டும். இரு சர்வர்கள் தலைக்கு 60 விழுக்காடு வேலை செய்துகொண்டிருக்கையில் ஒன்று நின்றால், எஞ்சியதன் மீது 120 விழுக்காடு சுமை விழும், அதுவும் வீழும். மூன்று சர்வர்களாயின் 90 விழுக்காடும், நான்காயின் 80 விழுக்காடும் ஏறும். தொகுதி பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை இன்றைய சுமையைக் கொண்டு மட்டும் கூறலாகாது. ஒன்று குறைந்தால் எஞ்சியவற்றின் சுமை என்னவாகும் என்ற எண்ணும் உச்ச நேர அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

சர்வர்களைக் கூட்டுவதாலேயே எல்லா நெருக்கடியும் தீர்ந்துவிடாது. விழாக்காலத்தில் ஒரே ரயிலின் ஒரே வகுப்புக்குப் பல்லாயிரவர் ஒரே கணத்தில் முயல்வர். அவ்விடங்களுக்கான பதிவுகளின் மீது இடப்படும் பூட்டுக்காக எல்லாச் சர்வர்களும் காத்து நிற்கும். அப்போது செயலிகள் ஓய்வாக இருக்கும், பயணியோ காத்திருப்பார். பகிர்ந்து செய்ய இயலாத பகுதி எவ்வளவோ அவ்வளவுக்கு விரைவு கட்டுப்படும் என்பதை அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஜீன் ஆம்டால் 1967இலேயே எடுத்துக்காட்டினார். பூட்டுக்கான காத்திருப்பு தனியே அளக்கப்படாத இடத்தில், தேவையற்ற சர்வர்களுக்குப் பணம் செலவிடப்படும் வாய்ப்பு மிகுதி.

வாயிலுக்கு வெளியே

சர்வரின் பதிவேடு தன்னிடம் வந்துசேர்ந்த கோரிக்கைகளை மட்டுமே அறியும். இணைப்பே கிடைக்காமல் திரும்பியவர் அதில் இடம்பெறார். சர்வர் 0.2 நொடியில் விடையளித்தாலும், தொலைவிலுள்ள சிறு நிலையத்தின் கவுண்டரில் மெதுவான இணைப்பின் வழியாக அவ்விடை வந்துசேரப் பல நொடிகள் ஆகலாம். எனவே வெவ்வேறு ஊர்களிலிருந்து குறித்த இடைவெளியில் சோதனைக் கோரிக்கைகளை அனுப்பி, பயணியின் பக்கத்திலிருந்தும் அளவெடுத்தல் வேண்டும்.

மாறாக, வந்த கோரிக்கைகள் அனைத்தும் மக்களின் கோரிக்கைகள் எனவும் கொள்ள இயலாது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் நுழைவு முயற்சிகளுள் 50 விழுக்காடு வரை தானியங்கி நிரல்களால் செய்யப்படுவதாக 2025 ஜூன் மாதம் ரயில்வே அமைச்சகம் தெரிவித்தது, 2.5 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகள் முடக்கப்பட்டதாகவும் கூறியது. இந்நிலையில் கோரிக்கைகள் பெருகியதை மட்டும் கண்டு சர்வர்களை வாங்கினால், பொதுப்பணம் தரகருக்கே பயன்படும்.

கோடிக்கணக்கான கோரிக்கைகளில் ஒவ்வொன்றின் பாதையையும் பதிவு செய்வது சர்வருக்கே சுமையாகும். இங்கு மாதிரி ஆய்வு முறை கைகொடுக்கிறது. பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரியாமலேயே நாட்டின் நிலையை அறியலாம் என்பதை மெய்ப்பித்தது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நோக்கமின்றித் தேர்ந்த கோரிக்கைகளைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்ந்தாலே, எந்தக் கட்டத்தில் தாமதம் நேர்கிறது என்பது புலனாகும். தவறிய கோரிக்கைகளை மட்டும் இயன்றவரை முழுமையாகப் பதிவு செய்தல் நலம்.

நிர்வாகிகள் கவனிக்க வேண்டியவை

ஒப்பந்தங்களில் சேவை 99.9 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்ற விதி இடம்பெறுவதுண்டு. முப்பது நாள் கொண்ட மாதத்தில் இது 43 நிமிட நிறுத்தத்தை அனுமதிக்கிறது. நான்கு நாட்கள் காலை 10 மணி முதல் 10.10 வரை அமைப்பு நின்றுபோனால் மொத்தம் 40 நிமிடங்களே ஆகும், விதி மீறப்படவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களிலும் தட்கல் இடம் நாடியவர்கள் ஏமாந்தனர். நிறுத்தத்தை நேரத்தால் அளவிடாமல், நிறைவேறாத கோரிக்கைகளின் விழுக்காட்டால் அளவிடுமாறு விதியை அமைத்தால் இக்குறை நீங்கும். உச்ச நேரத்துக்கெனத் தனி வரம்பு விதித்தலும் பயன்தரும்.

நடைமுறை மாற்றங்களின் நாட்களைப் புள்ளிவிவரத்தோடு சேர்த்துக் குறித்து வைத்தலும் நிர்வாகத்தின் கடமையாகும். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. இணையவழித் தட்கல் பதிவுக்கு ஆதார் சரிபார்ப்பு 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. இத்தகைய நாட்களுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடும்போது, மாற்றம் விதியால் நேர்ந்ததா, சர்வரால் நேர்ந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். சுமை குறைந்ததனால் விரைவு கூடியிருப்பின் அது கணிப்பொறியின் சாதனையன்று.

நிமிடத்துக்கு 32,000 சீட்டுகள் என்ற திறனை 1.5 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தும் புதிய முன்பதிவு அமைப்பினை ரயில்வே அமைச்சகம் 2025 ஜூன் இறுதியில் அறிவித்தது. நிமிடத்துக்கு 4 லட்சம் என்றிருந்த விசாரணைகளின் அளவு 40 லட்சத்துக்கும் மேலாக உயரும் என்றும் அவ்வறிவிப்பு கூறியது. இலக்குகள் நிமிடக்கணக்கில் கூறப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. அந்நிமிடத்தில் நிறைவேறாது நின்ற கோரிக்கைகள் எத்தனை, அவற்றுள் தொகுதியின் குறையால் தவறியவை எத்தனை, மிக நீண்ட நேரம் காத்திருந்த நூற்றுக்கு ஒருவர் எத்தனை நொடி காத்திருந்தார் என்ற மூன்று எண்களும் உடன் வெளியிடப்படுமாயின், அமைப்பின் உண்மைநிலை விளங்கும். சிறு ஊரின் கவுண்டரில் நிற்கும் பயணிக்கு இடம் கிடைக்காதபோது, இருக்கை தீர்ந்ததால் கிடைக்கவில்லையா, கணிப்பொறி விடையளிக்காததால் கிடைக்கவில்லையா என்பதை அவருக்குச் சொல்ல இயலுமாறு கணக்கு வைத்தலே செயல்திறன் புள்ளிவிவரத்தின் பயனாகும்.